பல முனையங்களும் ஒரு புள்ளியும்: மன்னார்க் கரையும் மின்வலைக் கணிப்பின் வரலாறும்

முன்னுரை

ஈழத்தின் வடமேற்குக் கரையிலே, பெருநிலத்திலிருந்து ஆழமற்ற நீர்ப்பரப்பொன்றினாற் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் மன்னார்த் தீவினை வரலாற்று மாணவர் பெரும்பாலும் மாதோட்டத் துறைமுகம், திருக்கேதீச்சரம், முத்துக்குளிப்பு என்பவற்றோடு இணைத்தே நோக்குவர். மின்சாரத்தோடு இணைத்து நோக்குவோர் மிகச் சிலர். ஆயினும் 2020ஆம் ஆண்டு தொடக்கம் இத்தீவு நாட்டின் மின்வலையமைப்பிலே பெற்றுள்ள இடம், அதன் நீண்ட வரலாற்றின் தொடர்ச்சியாகவே கொள்ளத்தக்கது. இதனை விளங்கிக்கொள்வதற்கு, மின்பொறியியலாளர் தம் வலையமைப்புகளைத் தாளிலும் பின்னர் கணினியிலும் எவ்வாறு உருப்படுத்தி வந்தனர் என்பதையும் அறிதல் வேண்டும்.

மின்பொறியியலாளர் வரையும் ஒற்றைக்கோட்டு வரைபடம் வெறும் தொழில்நுட்பக் குறிப்பு அன்று. நிலப்படத்தைப்போல, காணிப் பதிவேட்டைப்போல, அதுவும் ஒரு சான்றாவணமாகும். எவற்றை இணைப்பாகக் கருதினர், எவற்றைக் கருதாது விட்டனர் என்பது அதில் எழுதப்பட்டுள்ளது. ஒரு கருவி பல இடங்களிற் பல வகையாக மின்னோடு தொடர்புறக்கூடும் என்ற எளிய உண்மையை அவ்வரைபடமும் அதன்வழி வந்த மென்பொருளும் ஏற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் எடுத்தன. அந்த வரலாற்றை மன்னார்க் கரையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடர்புகளின் கரை

மன்னார்ப் பிரதேசம் பழங்காலந்தொட்டே பல திசைத் தொடர்புகள் சந்தித்த இடமாகும். பெருநிலக் கரையில் அமைந்த மாதோட்டம், அரபிக்கடலிலிருந்தும் கீழைக்கடலிலிருந்தும் வந்த பண்டங்கள் கைமாறிய துறையாக விளங்கியது. 1980ஆம் ஆண்டிலே ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு தொடங்கிய அகழ்வாய்வு, சீன மட்பாண்டங்களையும் மேற்காசிய மட்பாண்டங்களையும் ஒரே மண்ணடுக்குகளிலிருந்து வெளிக்கொணர்ந்தது. போர்ச்சூழல் காரணமாக 1984இல் அப்பணி நின்றுபோயிற்று.

நவீன காலத்திலும் இந்நிலை தொடர்ந்தது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதை அடுத்து, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கிற்று. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டில் வரக்கூடிய பாதை அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அப்பாதையின் ஒரு முனை சிதைந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற சேவையும் 1980களில் நின்றது. 1990இலே தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் போரிலே தகர்க்கப்பட்டது, புகையிரதமும் நின்றது. யப்பானிய உதவியுடன் புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. தலைமன்னார்வரையான புகையிரதப்பாதை 2015 மார்ச்சில் மீண்டது.

இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கைக் காணலாம். தொடர்புகள் பலவாக இருந்த காலங்களில் மன்னார் ஒரு சந்தியாக விளங்கியது; ஒன்று மட்டுமே எஞ்சிய காலங்களில் அது ஒரு கடைக்கோடியாயிற்று. தீவு இருந்த இடத்திலேயே இருந்தது. அதனோடு சேர்ந்த இணைப்புகளின் தொகையே அதன் நிலையை நிருணயித்தது.

மரமாக வளர்ந்த மின்வலை

இலங்கையின் மின்வலையோ தொடக்கத்தில் ஒரு மரத்தின் வடிவிலே வளர்ந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர மலைநாட்டு நீர்வலுவைப் பயன்படுத்தும் பொருளாதார வழிகளைப் பற்றிய தம் கட்டுரையை 1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் சங்கத்தின் முன் சமர்ப்பித்தார். அவர் கனவின் முதற்கட்டம் நனவாக 32 ஆண்டுகள் சென்றன. 1950இல் லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் 25 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கியது. 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது.

மலையிலே வேர், கொழும்பிலே தண்டு, ஏனைய ஊர்களெல்லாம் கிளைகளும் இலைகளும் என்பதே அக்கால அமைப்பு. மின்சாரம் ஒரு திசையிலேயே பாய்ந்தது: பிறப்பிடத்திலிருந்து பாவனையாளரை நோக்கி. இத்தகைய மரத்திலே ஒவ்வோர் இலைக்கும் ஒரேயொரு காம்புதான் உண்டு. அக்காம்பு முறிந்தால் இலை வாடும். ஆனால் இலை முறிந்தால் மரத்துக்கு ஒன்றும் நேராது. போர்க்காலத்திலே வடக்கு நோக்கிய மின்தடங்கள் அழிந்தபோது யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய வலையிலிருந்து பிரிந்து பல்லாண்டுகள் டீசற் பொறிகளையே நம்பியிருந்தது. நாட்டின் எஞ்சிய பகுதியின் மின்வலை அதனாற் குலையவில்லை. மரவடிவ வலையிலே கடைக்கோடியில் இருப்பதன் பொருள் இதுவே.

கணிப்பின் தொடக்கம்

மின்வலையொன்றின் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு மின் பாயும் என்பதைக் கணிப்பதற்கான அடிப்படை விதிகளை யேர்மனியரான கேர்ச்சோபு 1845இலே வகுத்தார். ஒரு கணுவை வந்தடையும் ஓட்டமும் அதைவிட்டு நீங்கும் ஓட்டமும் சமன் என்பது அவற்றுள் ஒன்று. விதி எளிது; வலை பெருகுந்தோறும் கணக்கோ மலைபோல் வளர்ந்தது. விமலசுரேந்திர தம் கட்டுரையைப் படித்த அதே 1918இல், அமெரிக்காவிலே சார்ள்ஸ் போட்டெஸ்கியூ, சமநிலை குலைந்த மூன்று கட்ட மின்னோட்டத்தை மூன்று சமநிலைத் தொகுதிகளாகப் பிரித்துக் கணிக்கும் முறையை வெளியிட்டார். அக்காலத்திற் கணிப்போர் தாளும் பென்சிலும் கொண்டே உழைத்தனர். கணக்கீட்டு வரைபடங்களை ஆக்கி அவ்வுழைப்பைக் குறைத்தவர்களுள் எடித் கிளாக் என்னும் பெண் பொறியியலாளர் முதன்மையானவர்.

1929ஆம் ஆண்டிலே மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வலைப்பகுப்பான் என்ற பெருங்கருவி அமைக்கப்பட்டது. தடைகளும் சுருள்களும் கொள்ளளவிகளும் நிறைந்த அலுமாரி வரிசை அது. உண்மையான மின்வலையின் சிறிய பிரதியொன்றை அதிலே கம்பிகளால் இணைத்து, அளவிகளை வாசித்து விடை கண்டனர். வார்ட், ஹேல் ஆகிய இருவரும் 1956இலே எண்முறைக் கணினியால் மின்பாய்வைக் கணிக்கும் வழியை வெளியிட்ட பின்னர் அலுமாரிகள் படிப்படியாக மறைந்தன.

இங்கேதான் பல இணைப்புக்கொண்ட கருவி முதன்முதலில் இடர்ப்பாடு விளைத்தது. சாதாரண நிலைமாற்றிக்கு இரு சுற்றுகள் உண்டு. ஒன்றில் மின் புகும், மற்றையதில் வெளிவரும். வரைபடத்தில் அதனை இரு கணுக்களுக்கிடையே ஒரு கோடாக வரைந்துவிடலாம். ஆனால் பெரிய உபமின்நிலையங்களிலே மூன்று சுற்று நிலைமாற்றிகளும் உள்ளன. இலங்கையிலும் 220, 132, 33 கிலோவோல்ற்று ஆகிய மூன்று அழுத்தங்களை ஒரே இரும்பகத்தில் இணைப்பவை பாவனையில் உண்டு. ஒரு கோட்டுக்கு இரு முனைகள்தானே உள்ளன. மூன்று முனையங்கொண்ட கருவியை எவ்வாறு வரைவது?

பொறியியலாளர் ஓர் உபாயத்தைக் கையாண்டனர். கருவியின் நடுவே உண்மையில் இல்லாத ஒரு புள்ளியைக் கற்பனை செய்து, அதிலிருந்து மூன்று கோடுகளை முக்கதிர் நட்சத்திரம்போல வரைந்தனர். எடுத்துக்காட்டாக, முதலாஞ் சுற்றுக்கும் இரண்டாஞ் சுற்றுக்குமிடையே மின்தடங்கல் 10 விழுக்காடு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்குமிடையே 6, முதலாவதற்கும் மூன்றாவதற்குமிடையே 18 என அளந்தறியப்பட்டதாகக் கொள்வோம். இவற்றை ஒப்புமாறு மூன்று கோடுகளுக்கும் பெறுமானம் காணின், அவை முறையே 11, எதிர் 1, 7 ஆகும். இரண்டாவது கோட்டிற்கு எதிர்ப்பெறுமானம் வந்துவிட்டது. அப்படியொரு கோடு அந்தக் கருவியினுள் எங்கும் இல்லை. கணக்கு நேராக வருவதற்காகவே அது பிறந்தது.

கையால் கணித்தோர் இதனைப் பொருட்படுத்தவில்லை. கூட்டினால் விடை சரியாக வந்தது. படிப்படியாக விடையை நெருங்கும் முறையிலமைந்த முற்காலக் கணினி நிரல்களோ இத்தகைய எதிர்ப்பெறுமானங்களை எதிர்கொண்டபோது விடை காணாது தடுமாறின. கொலம்பியா ஆற்று மின்வலையை நிருவகித்த பொனவில் நிறுவனத்தைச் சேர்ந்த ரினி, ஹாட் ஆகியோர் 1967இலே நியூற்றனின் முறையைப் பயன்படுத்தி வலுவான வழியொன்றை வகுத்த பின்னரே இத்தடுமாற்றம் பெருமளவு நீங்கியது. பல முனையங்கொண்ட ஒரு கருவியை இரு முனைக் கோடுகளாக வெட்டித் திணித்ததன் விலையை ஒரு தலைமுறைப் பொறியியலாளர் செலுத்தினர் எனலாம்.

கோட்டிலிருந்து முனையத்துக்கு

1976இலே அமெரிக்காவில் வெளிவந்த பி.எஸ்.எஸ்.ஈ. என்னும் மென்பொருள் உலகெங்கும் பரவியது. இலங்கை மின்சார சபையும் தன் செலுத்துகைத் திட்டமிடலுக்கு அதனையே பயன்படுத்தி வந்தது. இத்தலைமுறை மென்பொருள்கள் யாவும் கணு, கோடு என்ற இரண்டையே அடிப்படையாகக் கொண்டவை. ஓர் உபமின்நிலையத்துள்ளே பத்துப் பன்னிரண்டு ஆளிகள் இருப்பினும், அவை மூடியிருப்பின் முழு நிலையமும் ஒரே கணுவாகச் சுருங்கிவிடும். எந்தக் கருவி எந்த ஆளியின் ஊடாக எவ்விடத்திற் பொருந்தியுள்ளது என்ற செய்தி அச்சுருக்கத்தில் மறைந்துபோகும்.

மறைந்த செய்தி எத்தகைய விளைவைத் தரும் என்பதை 2003 ஓகஸ்ட் 14ஆம் நாள் உலகம் கண்டது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினர். வளர்ந்த மரங்களோடு கம்பிகள் தொட்டமை, அபாய அறிவிப்பு நிரல் செயலிழந்தமை எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று இங்கு கருதத்தக்கது. வலையின் நிலையை நிமிடந்தோறும் மதிப்பிட வேண்டிய மாதிரியுருவுக்கு, ஒரு மின்தடம் துண்டிக்கப்பட்டிருந்த செய்தி தானாகச் சென்று சேரவில்லை. தாளிலே இணைந்திருந்த தடம் மண்ணிலே அறுந்திருந்தது. எனவே அம்மாதிரியுரு பயனற்ற விடைகளைத் தந்தது. அதனைத் திருத்துவதிற் பொன்னான நேரம் கழிந்தது.

இதற்கு முன்னரே, 1990களில், அமெரிக்க மின்வலு ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் பொதுத் தகவல் மாதிரியுரு என்னும் புதிய முறை உருவாகியிருந்தது. பின்னர் அது அனைத்துலக நியமமாயிற்று. அதன் அடிப்படைக் கருத்து நம் கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதது. அம்முறையில் கருவி என்பது கோடன்று. அது தனக்கெனச் சில முனையங்களை உடைய ஒரு பொருள். ஒரு கருவிக்கு ஒரு முனையம் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். ஒவ்வொரு முனையமும் எந்தக் கணுவோடு சேர்ந்துள்ளது என்பது தனித்தனியே எழுதப்படும். கருவியின் இயல்பும் அதன் தொடர்பும் வெவ்வேறு செய்திகளாகப் பிரிக்கப்பட்டமையே இங்கு நிகழ்ந்த முன்னேற்றம்.

கட்டடங்களின் மின்னமைப்பை வரையும் மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. வைத்தியசாலையொன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தை எண்ணிப் பார்ப்போம். அதற்குத் தேசிய வலையிலிருந்து ஓர் இணைப்பும், டீசல் மின்பிறப்பாக்கியிலிருந்து வேறோர் இணைப்பும் உண்டு. மாற்றிணைப்பு ஆளி இரண்டிலொன்றைத் தெரிந்தெடுக்கும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விநியோகப் பலகைதான் உண்டு எனக் கொள்ளும் மென்பொருளில் இரண்டாவது இணைப்புக்கு இடமில்லை. வரைவோன் அக்கருவியை இருமுறை வரைவானாயின் சுமை இருமடங்காகக் கணிக்கப்பட்டு, வேண்டாத பருமனிற் கம்பி வாங்கப்படும். ஒருமுறை மட்டும் வரைவானாயின் மின்பிறப்பாக்கியின் மீது விழும் சுமை கணக்கில் வாராது. மின் நின்ற இரவிலேதான் அக்குறை வெளிப்படும். கருவி ஒன்று, சுமை ஒன்று, இணைப்புகள் பல, எந்நேரத்தில் எது உயிருடன் உள்ளது என்பது வேறொரு செய்தி: இந்நான்கையும் பிரித்தறியும் மென்பொருளே சிறந்த மென்பொருளாகும்.

காற்று வந்த பின்னர்

மன்னார் மக்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டவர்கள். தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். வடகிழக்கிலிருந்து வருவது வாடை. கடலோடியின் ஆண்டுக் கணக்கு இவ்விரண்டையும் தழுவியே அமைந்தது. 2003இல் வெளியான இலங்கைக் காற்றுவள நிலப்படத் தொகுதி, கற்பிட்டி தொடக்கம் மன்னார்வரையான வடமேற்குக் கரையை நாட்டின் சிறந்த காற்றுவளப் பகுதிகளுள் ஒன்றாகக் குறித்தபோது, கடலோடிகள் அறிந்திருந்ததே எண்களாக எழுதப்பட்டது.

இதே குடாவின் மறுகரையிலே, தூத்துக்குடிப் பகுதியில், 1986ஆம் ஆண்டே காற்றாலைகள் நிறுவப்பட்டன. இலங்கையின் முதற் காற்றாலைத் தொகுதி 1999இல் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாட் திறனுடன் அமைந்தது. அக்காலக் காற்றாலைகளிற் பல எளிய தூண்டற் பொறிகளை உடையவை. அவை வலைக்கு மின்னை ஊட்டின. அதேவேளை தம் காந்தப்புலத்தைப் பேணுவதற்கு வேண்டியதை அதே வலையிலிருந்து பெற்றன. ஒரு முனையத்திலேயே கொடுத்தலும் வாங்கலும் ஒருங்கு நிகழ்ந்தன. நலிந்த கிராமியத் தடங்களில் இதனால் மின்னழுத்தம் தளம்பிற்று. கணிப்போர் பலர் அன்று காற்றாலையை ‘எதிர்ச் சுமை’ என ஒரே எண்ணாற் குறித்துவந்தனர். அவ்வெண்ணில் இவ்விரட்டை உறவு புலப்படவில்லை.

பின்னர் வந்த இருபுறம் ஊட்டப்பெறும் பொறி, உண்மையாகவே இரு மின்னிணைப்புகளைக் கொண்டது. அதன் நிலையான பகுதி நேரடியாகவும், சுழலும் பகுதி இலத்திரனியல் மாற்றியின் ஊடாகவும் ஒரே வலையோடு சேர்கின்றன. சுழற்சி வேகத்துக்கேற்ப இரண்டாவது பாதையில் மின் உள்ளேயும் பாயும், வெளியேயும் பாயும். இத்தகைய பொறிகளை மாதிரியுருப்படுத்தும் முறைக்கான அனைத்துலக நியமம் 2015இலேதான் முதன்முதலாக வெளிவந்தது.

மன்னார்த் தீவின் தென்கரையிலே இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைத் தொகுதி 2020 டிசம்பர் 8ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அமைந்த அத்தொகுதியில் 3.45 மெகாவாட் திறனுடைய 30 காற்றாலைகள் உள்ளன. மொத்தத் திறன் 103.5 மெகாவாட். இவற்றிற் பிறக்கும் மின் முழுவதும் இலத்திரனியல் மாற்றியின் ஊடாகச் சென்றே வலையை அடைகின்றது. அத்தகைய மாற்றிகளை ஆளும் கணிதத்தில் எடித் கிளாக்கின் பெயரால் வழங்கும் உருமாற்றம் இன்றும் பயன்படுகின்றது. காற்று ஓய்ந்த வேளையிலோ காற்றாலை பாவனையாளனாக மாறும். தலையைத் திருப்பும் மோட்டார், கட்டுப்பாட்டுக் கணினி, வானூர்திகளுக்கான எச்சரிக்கை விளக்கு ஆகியவை வலையிலிருந்தே மின் பெறும்.

தீவின் நடுக்குடாவில் எழுந்த உபமின்நிலையத்திலிருந்து, மன்னார், வவுனியா வழியாக அனுராதபுரம் நோக்கி மின் செல்கின்றது. மரத்தின் கடைசி இலை வேரின் தொழிலையும் மேற்கொண்டது. மின்வலை வரலாற்றில் மன்னார் மீண்டும் ஒரு சந்தியாயிற்று. எனினும் பெருந்திட்டங்களுக்கான கணிப்புகளிலே காற்றாலைத் தொகுதியொன்றின் கோபுரங்கள் யாவற்றையும் திரட்டி ஒரே சமானப் பொறியாக வரைவது வழக்கம். நாடளாவிய கணிப்புக்கு அது போதுமானதே. 30 கோபுரங்கள் ஒரு புள்ளியாவது கணிதத்திற் பிழையன்று. ஆனால் அப்புள்ளியே மன்னார் என்று கொள்ளும்போது பிழை தொடங்குகின்றது.

கடலைக் கடக்கும் கோடு

2025 பெப்ரவரி 9ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்றினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. மின்தேவை குறைந்த அந்நாளிலே சூரியமின்னின் பங்கு மிகுந்திருந்தமையால், அதிர்ச்சியைத் தாங்கும் பாரிய சுழற்பொறிகள் வலையிற் குறைவாகவே இயங்கின எனப் பொறியியலாளர் விளக்கினர். வீட்டுக் கூரைகளும் மின்னூட்டும் முனையங்களாகிவிட்ட காலத்தில், அவற்றை வெறும் குறைந்த சுமையாகக் கணித்தல் போதாது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இந்தியாவோடு மின்னிணைப்புப் பெறும் திட்டமும் இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கது. 2010 யூன் மாதத்தில் இதற்கான ஆய்வு உடன்பாடு கையெழுத்தானது; 2025 ஏப்ரல் 5ஆம் நாள் இரு அரசுகளும் உயரழுத்த நேரோட்ட இணைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. மதுரைப் பக்கத்திலிருந்து வரும் தடம் கடலடியாக மன்னார்க் கரையை அடைந்து, அனுராதபுரப் பக்கம் செல்வதாகத் திட்ட வரைவுகள் அமைந்தன. ஆடலோட்டத்தை நீண்ட கடலடி வடத்திற் செலுத்துவது கடினமாதலாலும், இரு நாட்டு வலைகளும் ஒன்றின் தளம்பல் மற்றதைத் தாக்காது இயங்கவேண்டுமாதலாலும் நேரோட்டமே தெரிவாகியது. சுவீடனிலே கொட்லாந்துத் தீவுக்கு 1954இல் அமைந்த இணைப்பு இத்துறையின் முன்னோடியாகும்.

இங்கு ஒப்புநோக்குக்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்று மத்தியதரைக் கடலில் உண்டு. இத்தாலியப் பெருநிலத்தையும் சார்டினியாத் தீவையும் இணைக்கும் நேரோட்டத் தடம் 1960களிலே அமைக்கப்பட்டது. அது கோர்சிகாத் தீவின் மேலாகவே சென்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோர்சிகா மக்கள் தம் தலைக்குமேல் சென்ற கம்பியிலிருந்து மின்பெறவில்லை. அவர்கள் நிலம் வழிப்பாதையாக மட்டுமே இருந்தது. 1980களின் பிற்பகுதியிலே அங்கு ஒரு மாற்றிநிலையம் அமைக்கப்பட்டு, இரு முனைத்தடம் மும்முனைத் தடமாயிற்று. இரு முனைகளுக்கு வகுத்த கட்டுப்பாட்டு முறை மூன்றுக்குப் போதாமையால் அதனைப் புதிதாக வகுக்க நேர்ந்தது. வழிப்பாதை ஒன்று முனையமாவதற்குப் பொறியியல் மட்டுமன்றி, அங்கும் மக்கள் உளர் என்ற கணிப்பும் வேண்டியிருந்தது. மன்னார்க் கரையினூடாகச் செல்லவிருக்கும் தடத்தைப் பற்றியும் இவ்வினாவை எழுப்புதல் பொருந்தும்.

வரைபடத்துக்கு வெளியே

2025ஆம் ஆண்டு மன்னாரிலே எழுந்த போராட்டம் இவ்வினாவின் மற்றொரு முகமாகும். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திறனுடைய காற்றாலைகளை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் அவ்வாண்டு பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு காற்றாலைத் திட்டங்களுக்கான பணிகள் தீவிலே தொடர்ந்தபோது ஓகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தனர். கனியமண் அகழ்வையும் அவர்கள் எதிர்த்தனர். அரசு பணிகளை ஒரு மாதகாலம் நிறுத்திவைத்தது. செப்டெம்பரில் அவற்றைத் தொடர முடிவானபோது எதிர்ப்பும் மீண்டது.

மக்கள் முன்வைத்த முறைப்பாடுகளை மின்வரைபடத்தோடு சேர்த்துப் படித்தல் பயன்தரும். காற்றாலைகளுக்கான வீதிகளும் மேடைகளும் மழைநீரின் இயல்பான வடிகால்களை மறித்து வெள்ளத்தை உண்டாக்கின என்றனர். கரையோர மீன்பிடி பாதிக்கப்பட்டது என்றனர். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் பாதையில் மன்னார் அமைந்துள்ளது. பெருநிலக் கரையிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இலே ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. சூழலியலாளர் அதனைச் சுட்டிக்காட்டினர். வடிகால், கரைவலைத்துறை, பறவைப்பாதை ஆகிய யாவும் இணைப்புகளே. ஒவ்வொரு கோபுரமும் 33 கிலோவோல்ற்று வடத்தோடு மட்டும் சேரவில்லை. மண்ணோடும் நீரோடும் வானத்தோடும் சேர்ந்தது. ஆயின் முன்னதற்கே வரைபடத்தில் முனையம் இருந்தது.

மின்கணிப்பு மென்பொருள் வெள்ளத்தையும் பறவையையும் கணிக்கவேண்டும் என்று கூறுதல் எம் கருத்தன்று. ஒவ்வொரு கருவிநூலுக்கும் அதற்குரிய எல்லை உண்டு. காற்றுமின் வேண்டாம் என்பதும் எம் முடிவன்று. நிலக்கரியையும் எண்ணெயையும் விலைகொடுத்து வாங்கும் நாட்டுக்குச் சோளகக் காற்று பெருஞ்செல்வமாகும். 2022இலே எரிபொருளின்றி நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த எவரும் அதனை மறுக்கார். எனினும் ஓர் எல்லைக்குட்பட்ட மாதிரியுருவிலிருந்து பெற்ற விடையை எல்லையற்ற விடையாகக் கொண்டு இடத்தைத் தெரிந்தெடுத்தலும் பணியைத் தொடங்குதலும் நிகழுமாயின், விடுபட்ட இணைப்புகள் பின்னர் தெருவிலே வெளிப்படும். மூன்று சுற்று நிலைமாற்றியின் வரலாறு கூறுவதும் இதுவே. இரு முனைக் கோட்டில் அடங்காத உறவை அடக்கியதாகப் பாவனை செய்தபோது, அவ்வுறவு மறையவில்லை. எதிர்ப்பெறுமானமாகத் திரும்பி வந்து கணக்கையே குழப்பியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு செய்திகள் பெறப்படும். முதலாவது, மின்வலைக் கணிப்பின் வளர்ச்சி என்பது கணினியின் வேகம் பெருகிய வரலாறு மட்டுமன்று. கருவிகளுக்கு உண்மையில் எத்தனை தொடர்புகள் உள்ளனவோ அத்தனையையும் ஏற்கும் மனப்பாங்கு வளர்ந்த வரலாறும் ஆகும். இத்துறையில் இனி ஆக்கப்படும் மென்பொருள், முனையங்களை எண்ணி வரையறுக்காது, ஒவ்வொன்றின் திசையையும் நிலையையும் காலத்தோடு சேர்த்துக் குறிப்பதாக அமைதல் வேண்டும். எம் நாட்டுப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடங்களுக்கு இஃது ஏற்ற பணியாகும். காற்றாலையும் கூரைச் சூரியமின்னும் கடல்கடந்த தடமும் ஒருங்கே சேரும் சிறிய வலையைக் கணிக்கும் தேவை இங்கு கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது.

இரண்டாவது, கலைப்பீட மாணவர்க்குரியது. மாதோட்டத்தின் மட்பாண்டத் துண்டுகளை ஆராய்வதுபோல, தலைமன்னார்ப் புகையிரத அட்டவணையை ஆராய்வதுபோல, மின்சாரத் திட்டங்களின் ஒற்றைக்கோட்டு வரைபடங்களையும் நாம் வாசிக்கப் பழகவேண்டும். அவற்றிலே மன்னார் எப்போது வெறுமையாக இருந்தது, எப்போது ஒரு கோட்டின் முடிவாயிற்று, எப்போது பல கோடுகள் சந்திக்கும் கணுவாயிற்று என்பதை ஆண்டுவாரியாகத் தொகுத்தால், அது இப்பிரதேசத்தின் சமூக வரலாற்றுக்கு ஒரு புதிய சான்றுத் தொகுதியாகும். அவ்வரைபடங்களோடு அதே காலத்துக் கிராமசபைக் குறிப்புகளையும் மீனவர் சங்கப் பதிவுகளையும் ஒப்பிட்டு நோக்கின், எவ்வெத் தொடர்புகள் வரையப்பட்டன, எவை வரையப்படவில்லை என்பது தெளிவாகும். மன்னாரில் அடுத்த கோபுரம் எழுவதற்கு முன்னர் அத்தொகுப்பு ஆயத்தமாக இருப்பின், பொறியியலாளரும் ஊர்மக்களும் ஒரே தாளை முன்வைத்துப் பேசுதல் கைகூடும்.